ஏழாவது உருண்டை

மாத்திரைக் கம்பெனிக்காரர்கள்தான் என் மகன் டெரிக்கைக் கொன்றார்கள் என்று காலடிப்பேட்டையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், அவன் அவர்கள் இடத்தில் தங்கியிருந்தபோதும் திருட்டுத்தனமாகக் குடித்தான், அதனால் செத்தான் என்கிறார்கள். இரண்டும் பொய். எது நிஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

நான் ஹார்பரில் மூட்டை தைத்தவன். கப்பலிலிருந்து இறக்கும்போது கொக்கி பட்டுக் கிழியும் மூட்டைகளை ஷெட்டில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைக்கிற வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். கண்டெய்னர் வந்தது. மூட்டையும் போனது, தைக்கிறவனும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஒரு தாளை நீட்டி, 'இங்க போடு அருளு' என்றார்கள். போட்டேன். நானாக விருப்பப்பட்டு வேலையை விட்டேன் என்று அதில் எழுதியிருந்தது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதிலிருந்து தாளை நீட்டுகிற எவனையும் நான் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே நீட்டினால் இன்னும் நம்பமாட்டேன்.

டெரிக் எண்ணூரில் ஒரு ஃபேக்டரியில் ஒப்பந்தத்தில் ஃபிட்டராக இருந்தான். அந்த கேட்டை மூடி எட்டு மாதமாயிற்று. கூட வேலை செய்த ஒருவன்தான் அம்பத்தூர் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று கூட்டிப்போனான். நோயே இல்லாத ஆள் வேண்டும். மாத்திரையைக் கொடுத்து, மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்து, உடம்பில் அது எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பணமும் கொடுப்பார்கள். ஒரு தடவை போனால் மறு தடவைக்கு மூன்று மாதம் இடைவெளி வேண்டும். ரத்தம் கெட்டியாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று என் மருமகள் ஐரீன் மூன்று வாரம் முருங்கைக்கீரையாகவே ஆக்கிப்போட்டாள். வீட்டில் எல்லோருக்கும் அதே.

முதல் இரண்டு தடவையும் கடையில் ஏற்கெனவே விற்கிற மாத்திரைதான். போய்விட்டு வந்து கதை சொல்லுவான். நம்பர் போட்ட நீலச் சட்டை. இவன் நம்பர் பதினொன்று. மாத்திரையை முழுங்கியதும் ஒரு நர்ஸ் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாளாம். நாலு இட்லி வைத்தால் நாலையும் தின்ன வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. காபி, டீ கிடையாது.

"வாய தொறந்து காட்டு, நாக்க தூக்கு, இப்டி திரும்புன்னுது நைனா அந்த பொண்ணு. நான் சொன்னேன், சிஸ்டர், என் பொண்டாட்டிகூட இம்மாம் டவுட்டு படமாட்டான்னு."

"உன் பொண்டாட்டிக்கு டார்ச்சு இல்ல, அதான்" என்றாள் ஐரீன்.

மூன்றாவது தடவைதான் புது மருந்து. இன்னும் கடைக்கு வராதது. வயசானவர்களுக்கு ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காம். முதல் குழுவுக்குக் கொஞ்சம், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த குழுவுக்கு இன்னும் கொஞ்சம். டெரிக் மூன்றாவது குழு. ஏழு நாள், தினம் காலையில் ஒரு மாத்திரை, ஏழு நாளும் அங்கேயே தங்க வேண்டும்.

அதற்கு அவன் கொண்டுவந்த தாள்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

"இன்னாடா இம்மாம் தாளு?"

"பத்தொம்பது பக்கம் நைனா. தமிழ்லதான் கீது. ஒருத்தர் எதிர்ல குந்திகினு மொத்தமும் படிச்சிக் காட்டுனாரு. வீடியோ எடுத்துக்கினாங்க. புரிஞ்சிச்சா புரிஞ்சிச்சான்னு பத்து வாட்டி கேட்டாங்க."

"பத்து வாட்டி கேக்குறான்னா அதுல இன்னாவோ கீதுடா."

"கேக்கலன்னா ஏமாத்திட்டான்னுவ. கேட்டா இன்னாவோ கீதுன்னுவ. உன்னோட ஒரே பேஜாரு நைனா."

"ஊர்ல எவனும் துன்னாத மாத்திரைய நீ ஏன்டா மொதல்ல துன்ற? நீ இன்னா எலியா?"

அவன் சிரிக்கவில்லை. என் பெண்சாதி அடைக்கலமேரியின் படத்தைப் பார்த்தான். அவளுக்கு டி.பி. வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாள்.

"அம்மா முழுங்குன மாத்திரைய மொதல்ல எவனோ ஒருத்தன் முழுங்கிப் பாத்துருப்பான்ல? அவனும் ஒரு நைனாவுக்குப் பொறந்தவன்தானே?"

"அவன் எவனோ. நீ என் புள்ள."

தாள்கட்டை ஐரீன் ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள். அதை எடுத்துப் படித்துக்காட்டு என்று நான் அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்துக்காட்டினாலும் நான் நம்பப்போவதில்லை, அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவனைத் தடுக்க முடியாது என்றால் காப்பாற்றியாவது ஆகவேண்டும். விஷத்தை முறிக்க மிளகை விட வேறு என்ன இருக்கிறது? ஹார்பரில் எனக்கு ஒரு தடவை தேள் கொட்டியபோது மேஸ்திரி மிளகைத்தான் மென்று தின்னச் சொன்னான். நேரே தேரடி பக்கம் உச்சிமாகாளி கடைக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பது வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். மகன் என்று சொல்லாமல், தெரிந்த ஒருவன் இங்கிலீஷ் மாத்திரை நிறையச் சாப்பிடுகிறான், அதன் விஷம் உடம்பில் நிற்கக் கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இதுக்குப் போயி யோசிச்சுக்கிட்டு. மிளகும் திப்பிலியும் சரிக்குச் சரி, கொஞ்சம் சுக்கு. இடிச்சுத் தேன்ல உருட்டி வெறும் வயித்துல ஒண்ணு போடச் சொல்லுங்க. கல்லத் தின்னாலும் கரைச்சிரும்லா."

"மாத்திரையோட சண்ட போடாதே?"

"மிளகு எங்கயாச்சும் சண்ட போடுமா? நேத்து ராத்திரி நீங்க ரசம் குடிக்கலயா?"

அவர் மேல் குற்றம் இல்லை. நான் பாதியை மறைத்துக் கேட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

இடித்து, சலித்து, தேன் விட்டு நெல்லிக்கொட்டை அளவில் ஏழு உருண்டை உருட்டி நிழலில் காயவைத்தேன். அடுத்து, உள்ளே எப்படி அனுப்புவது? அங்கே போனதும் செயின், மோதிரம், அரைஞாண் கயிறு, செல்போன் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஆனால் போன தடவை கழுத்தில் இருந்த உத்தரியத்தை மட்டும் ஒரு நர்ஸ் விட்டுவிட்டாள் என்று டெரிக் சொல்லியிருந்தான். கார்மேல் மாதா உத்தரியம், கோயிலில் மந்திரித்துப் போட்டது. நூலும் இரண்டு துண்டு துணியும்தானே, இரும்பு இல்லை, இருக்கட்டும் என்றாளாம்.

அந்தத் துணித்துண்டு இரண்டின் தையலையும் பிளேடால் பிரித்தேன். ஒன்றில் நாலு, ஒன்றில் மூன்று. உருண்டை அசையாமல் பஞ்சு வைத்து மறுபடி தைத்தேன். இழுத்தால் பிரிகிற மாதிரி ஒற்றைத் தையல். முப்பது வருஷம் தைத்த கை. மாதாவே வந்து பார்த்தாலும் தெரியாது.

டெரிக்குக்கு மிளகு வாசனையே ஆகாது. சின்ன வயசிலிருந்தே பொங்கலில் கிடக்கும் மிளகைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பான். உத்தரியத்தைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னபோது கோபமே வந்துவிட்டது.

"உள்ள எதுவும் எட்த்துனு வரக்கூடாதுன்னு கண்டிசனா சொல்லிக்கீறாங்க நைனா. கையெழுத்து போட்டுக்கீறேன்."

"நானும்தான் போட்டேன் கையெழுத்து. இன்னா கெடச்சிது எனக்கு?"

"உன் கத வேற. விடு நைனா."

"தோ பாரு. இத முழுங்குறேன்னு கையில அடிச்சி சொல்லு. இல்லன்னா நான் செத்தா நீ எனக்கு மண்ணு போடக் கூடாது."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஐரீன் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். டெரிக் கையை நீட்டி என் கையில் அடித்தான். "காலைல மாத்திரைக்கு மின்னாடி ஒண்ணு. பாத்ரூம்ல போய் முழுங்கிடறேன். ஐரீனாண்ட சொல்லிகில்லி வெக்காத, கத்துவா" என்றான்.

நாலாம் நாள் சாயங்காலம் அங்கிருந்து போனில் பேசினான். ஐரீன் பேசி முடித்ததும் வாங்கினேன்.

"முழுங்குறியா?"

"உம்."

"எத்தினி ஆச்சு?"

"நாலு. மூக்கப் புடிச்சினு முழுங்குறேன் நைனா. கண்ல தண்ணி வருது."

"வந்தா வர்ட்டும். முழுங்கு."

போனைத் திருப்பிக் கொடுத்ததும் ஐரீன் கேட்டாள், "இன்னா மாமா, மாத்திரையத்தான் அவங்களே வாய்ல போட்டு பாக்குறாங்களே, நீங்க வேற ஏன் மெரட்டுறீங்க?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் மூக்கிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது. உடனே பெல் அடித்திருக்கிறான். மறைக்கவில்லை. அவர்களும் தாமதிக்கவில்லை. இதை நான் சொல்லியே ஆகவேண்டும். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே தலை வலிக்கிறது என்றவன் வாந்தி எடுத்து மயங்கிவிட்டான். மூளைக்குள் ரத்தக் கசிவு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண் திறக்கவில்லை.

மாத்திரைக் கம்பெனி டாக்டர் ஒரு பெண். ஜெரினா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பயப்படுகிறவர்தான் தப்பு செய்தவர் என்று நான் அப்போதே முடிவு கட்டினேன்.

"ஐயா, இன்னும் ஒம்பது பேர் இதே மருந்த இதே அளவுல சாப்பிட்டிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதான் கேக்குறேன். டெரிக் வேற ஏதாவது சாப்பிட்டாரா? வீட்ல ஏதாவது மருந்து, மாத்திரை, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் பரவால்ல. யாரும் திட்ட மாட்டோம். தெரிஞ்சா வைத்தியம் பாக்க உதவும்."

ஐரீன், "ஒண்ணும் இல்ல டாக்டர், தலவலி தைலம்கூட தடவ மாட்டாரு" என்றாள். பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆரம்பித்துவிட்டார்கள் என்று தோன்றியது. பழியை எங்கள் தலையில் தள்ள ஒரு சாக்குத் தேடுகிறார்கள், நான் மிளகு என்று சொன்னால் மிளகுதான் கொன்றது என்று எழுதிக்கொண்டு அந்தத் தாளை என்னிடம் நீட்டுவார்கள் என்று தோன்றியது.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "உங்க மாத்திரையத்தான் துன்னான்."

அவனுடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கழற்றிய உத்தரியமும் அதில் இருந்தது. ஒரு துண்டு காலி. இன்னொன்றைப் பிதுக்கினேன். ஒரே ஓர் உருண்டை. ஏழாவது.

ஆறு தின்றும் இப்படி என்றால், ஏழாவதையும் தின்றிருந்தால் பிழைத்திருப்பான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டபோது அதை எச்சிலில் கரைத்து விரலில் எடுத்துக்கொண்டுதான் போனேன். உதட்டோரம் வைத்துத் தள்ளப் பார்த்தேன். வாய் முழுக்கக் குழாய்.

"தாத்தா, வாய்ல கை வெக்காதீங்க. என்ன தடவுறீங்க?" என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"மாதா எண்ணெ" என்றேன். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலம் டெரிக் போய்விட்டான். காசிமேடு கல்லறையில் வைத்தோம். நான்தான் அவனுக்கு மண் போட்டேன்.

தெருவில் பேச்சு கிளம்பியது. பத்துப் பேருக்கு ஒரே மாத்திரை, இவன் மட்டும் ஏன் செத்தான்? உள்ளே சரக்கு அடித்திருப்பான். ஐரீன் காதுபடவே தண்ணீர் லாரி கிட்டே ஒருத்தி சொன்னாள். டெரிக் குடித்தவன்தான், ஆனால் மகள் ரேச்சல் பிறந்த வருஷம் விட்டவன், ஒன்பது வருஷமாகத் தொடவில்லை. ஐரீனுக்குப் புருஷன் செத்ததை விட இந்தப் பேச்சு பெரிதாகிவிட்டது. பிறகு ஒரு கடிதம் வந்தது. விசாரணைக் குழுவாம். கம்பெனி ஆட்கள் இல்லை, கம்பெனியைக் கேள்வி கேட்கிறவர்களாம். டெரிக் ரத்தத்தில் அந்த மருந்து மற்றவர்களுக்கு இருந்ததைப் போல மூன்று பங்கு இருந்திருக்கிறது, அவர் வேறு எதையாவது உட்கொண்டாரா என்று குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு ஐரீன் ஃபிரிட்ஜ் மேலிருந்த தாள்கட்டை எடுத்துக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். அவர்கள் எங்கே தப்பு செய்தார்கள் என்று கண்டுபிடிக்கப் படித்தாள். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பதினோராம் பக்கம், கேளுங்க மாமா. 'ஆய்வில் இருக்கும் நாட்களிலும் அதற்கு முந்தைய பதினான்கு நாட்களிலும் கீழ்க்கண்டவற்றை உட்கொள்ளக் கூடாது. மது. புகையிலை. மாத்திரைகள். சித்த, ஆயுர்வேத மருந்துகள். மிளகு, திப்பிலி சேர்ந்த கஷாயம், லேகியம், சூரணம். இவை ஆய்வு மருந்து ரத்தத்தில் ஏறும் அளவை அதிகமாக்கலாம். அதனால் உயிருக்கு ஆபத்து...'"

நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா? இவருக்கு மெளகு வாசனையே ஆகாதே மாமா! இது ஒண்ணு போதும். நான் போய் சொல்றேன், என் புருசன் மெளகே துன்ன மாட்டான்னு. அவர் பேர நான் காப்பாத்துறேன்."

பதினோராம் பக்கம். அந்தத் தாள் என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில்தான் இருந்தது. நான் உருண்டை உருட்டியபோதும் அங்கேதான் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் என்னோடு யார் இருப்பார்கள்? ஐரீனும் ரேச்சலும்தான் எனக்கு மிச்சம். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டேன். பன்னிரண்டு நாள் முழுங்கினேன்.

விசாரணைக்கு நானும் போனேன். நீள மேஜை, ஐந்து பேர். நடுவில் நரைத்த தலைக்காரர் ஒருவர். டாக்டர் ஜெரினா தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று வாசலில் ஒருவர் சொன்னார்.

நரைத்த தலைக்காரர் மெதுவாகத்தான் பேசினார். "அம்மா, இந்த மருந்துலயே கோளாறா, இல்ல வேற ஏதாவது சேந்து இப்படி ஆச்சான்னு தெரியணும். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. உங்க கணவர் மது, இல்ல வேற ஏதாவது..."

ஐரீன் எழுந்து நின்றாள். தோளில் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அவரு குடிக்கல சார். எந்த மருந்தும் துன்னல. மெளகு, திப்பிலின்னு போட்டுருக்கீங்களே, அது அவர் நாக்குல பட்டதே இல்ல. நான் சத்தியம் பண்றேன். என் பொண்ணு ரேச்சல் மேல ஆணையா..."

"இரும்மா!" என்று கத்திவிட்டேன். "புள்ள மேல ஆணை வெக்காத."

எல்லோரும் திரும்பினார்கள். ஐரீன் கை அப்படியே நின்றது.

நியாயம் பார்த்து நான் வாய் திறக்கவில்லை. அந்த டாக்டரம்மாவின் வேலைக்காகவும் திறக்கவில்லை. பொய் என்று தெரியாமலேயே ஐரீன் பிள்ளை மேல் பொய்யாணை வைக்கப் போனாள். அது என் பேத்தி மேல் விழும். அந்தப் பயம்தான்.

"அவன் மெளகு துன்னான்" என்றேன். "மெளகு, திப்பிலி, சுக்கு. தெனம் ஒரு உருண்ட. ஆறு நாளு. நான்தான் உருட்டுனேன். உத்தரியத்துல வெச்சித் தெச்சேன். அவன் குடிக்கல. அத எழுதிக்கோங்க. குடிக்கல."

என்ன அளவு, எந்தக் கடை, எந்த நேரத்தில் என்று கேட்டார்கள். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன். மீதியைச் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். டாக்டர் ஜெரினா எழுந்து வந்து எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"ஏன் சொல்லல?"

"உங்கள நம்பல."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மெளகு வெசத்த முறிக்கும்னுதான்மா குடுத்தேன்."

"கல்லீரல் மருந்த ஒடச்சு வெளிய தள்ளும் ஐயா. மிளகும் திப்பிலியும் அவ்வளவு சேந்தா அந்த வேல மந்தமாயிடும். உள்ள போற மருந்தும் கூடுதலா ரத்தத்துல ஏறும். நாளைக்கு நாளு சேந்துக்கிட்டே போயிருக்கு." எழுதிக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்னது பெரிய விஷயம். இந்த மருந்து வந்தா அத சாப்பிடப்போறது வயசானவங்க. நம்ம ஊர்ல வயசானவங்க எல்லாரும் கஷாயம் குடிக்கிறவங்கதான்."

அது எனக்குத் தேவையில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அன்னிக்கே சொல்லிருந்தா பொழச்சிருப்பானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் படித்தவர்கள் என்னிடம் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒருநாள்தான் ஒரு படித்தவர் எனக்குப் பொய் சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன்.

"தெரியாது ஐயா. ரத்தம் ஏற்கெனவே கசிஞ்சிடுச்சு. ஆனா மருந்து ஒடம்புல அத்தன நேரம் நிக்கும்னு தெரிஞ்சிருந்தா, கசிவ அடக்கக் குடுத்த மாத்து மருந்த அன்னிக்கே நிறுத்தியிருக்க மாட்டோம். ரெண்டு நாள் கூடக் குடுத்திருப்போம். ஒருவேளை பொழச்சிருக்கலாம்."

வெளியே வந்தோம். வெயில். பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஐரீன் எனக்கு நாலு அடி தள்ளி நின்றாள். இரண்டு பஸ் வந்து போயிற்று. இரண்டிலும் அவள் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மாமா. அவரா கேட்டாரா, நீங்களா குடுத்தீங்களா?"

உள்ளே யாரும் இதைக் கேட்கவில்லை. நான் உருட்டினேன், தைத்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அவன் பயந்துபோய்க் கேட்டான், நான் செய்துகொடுத்தேன் என்று சொன்னால் போதும். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. அவள் அழுவாள், அவனைத் திட்டுவாள், என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அந்தப் பொய் நாக்கு நுனியில் ரெடியாக இருந்தது.

"வேணாம்னுதான் சொன்னான்" என்றேன். "கையெழுத்து போட்டுக்கீறேன், வேணாம் நைனான்னான். முழுங்கலன்னா எனக்கு மண்ணு போடாதன்னேன். கையில அடிச்சி சத்தியம் வாங்கினேன். அதான் முழுங்குனான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மெளக எப்டி முழுங்குனாரு?" என்றாள்.

"மூக்கப் புடிச்சினு."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள்.

"நான் நெட்டுக்குப்பம் போறேன், எங்க அம்மா வூட்டுக்கு. ரேச்சல இஸ்கூல்லருந்து அப்டியே கூட்டினு போய்டறேன். சாவி கரண்டு மீட்டர் மேல கீது."

"துணிமணி?"

"என் தம்பி வந்து எட்த்துக்குவான்."

அடுத்த பஸ் வந்தது. முன்வழியாக ஏறினாள். நான் ஏறவில்லை. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். என் பக்கம் இருந்த ஜன்னல்தான். பஸ் கிளம்பும் வரைக்கும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆகும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். சரி என்றேன்.